ஜீப்பில் மிச்சமான இடம்

ஆயுத பூஜை அன்று மத்தியானம், திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டோரம் இருக்கும் தன் ஷெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வெற்றிச்செல்வன் தன் சொந்த ஜீப்பையே சந்தேகமாகப் பார்த்தான். இதற்குள் இருந்துதான் இவ்வளவும் வெளியே வந்ததா?

கொல்லை முழுக்கச் சாமான்கள். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமுள்ள மூன்று இரும்புக் கால்கள். அவற்றை ஒன்று சேர்த்து நிறுத்தினால் உச்சியில் தொங்கவிட வேண்டிய, பாரம் தூக்கும் செயின் பிளாக். குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகள் இரண்டு ஜோடி, முழங்கை நீள பைப் ரெஞ்சுகள், முந்நூறு அடி நைலான் கயிறு, கேபிள் சுருள், ஒரு ஸ்பேர் மோட்டார், கடப்பாரை, ஜாக்கி, சேற்றில் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு பலகைகள், டீசல் கேன், தண்ணீர் கேன், ஸ்டெப்னி, தார்ப்பாய். இன்னும் பெயர் தெரியாத குட்டிக் குட்டிச் சாமான்கள் ஒரு மூட்டை. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அவன் மனைவி துர்கா சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். கடப்பாரை மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது.

ஜீப்போ குட்டை ஜீப். தொண்ணூற்றெட்டில் ஏலத்தில் எடுத்தது. முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் ஒரு குழந்தைக் கட்டில் அளவுக்குத் தகரத் தொட்டி, அவ்வளவுதான். வெற்றியின் தொழில் போர்வெல்லில் இறக்கிய மோட்டார்களைத் தூக்கிப் பழுது பார்த்து மறுபடி இறக்குவது. போர்கள் ரோட்டோரத்தில் இருப்பதில்லை. வரப்பு, வாய்க்கால், ஏரிக்கரை எல்லாம் தாண்டி, டெம்போக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிற இடத்துக்கு அப்பால்தான் இருக்கும். அதனால்தான் ஜீப்.

"ஏங்க, இத்தினியும் இதுக்குள்ளயா இருந்திச்சி?" என்றாள் துர்கா.

"இருந்திச்சே. நீயும் பாத்துக்கினுதான இருந்த?"

"இறக்கறத பாத்தேன். ஏத்தறத யாரு பாத்தா?"

அதுதான் சங்கதி. ஏற்றுவதை யாரும் பார்த்ததில்லை. ஒன்பது வருஷமாகச் சவுரிராயன்தான் ஏற்றினார். வெற்றியைவிடப் பத்து வயது மூத்தவர், தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவர். வேலை முடிந்து, போரிலிருந்து பீறிட்டு வரும் தண்ணீரில் வெற்றி கைகால் கழுவி, நிலத்துக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரரோடு நின்று டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி தயாராக இருக்கும். ஆயுத பூஜைக்கும் அப்படித்தான். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், பூஜையில் நிற்க மாட்டார். ஆனால் விடிவதற்குள் வந்து எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, பூஜை முடிந்ததும் ஏற்றி வைத்துவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போவார். இந்த வருஷம் அவர் இல்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் வானூர் பக்கம் ஒரு வேலை முடித்துத் திரும்பியபோது, டூல்பாக்ஸ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "நாளையிலேர்ந்து நான் வர்லப்பா. வேற ஆளு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஏன் என்று கேட்க வெற்றிக்கு வாய் வரவில்லை. புது கிரேன் வண்டி வாங்கியிருக்கும் விருத்தாசலம் ஆசை காட்டி இழுத்துவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டான். போகட்டும், சாமான் ஏற்றி இறக்கும் ஆளா கிடைக்காது என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தான். சொன்னானே தவிர, ஒன்பது நாளும் வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை, அவனுக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை என்பது துர்காவுக்குத் தெரியும்.

அவள் தம்பி பாண்டுரங்கன் வந்திருந்தான். டெம்போ ஓட்டுகிறவன், நல்ல தாட்டியான ஆள். காலையில் மாமனும் மச்சானுமாகக் கால் மணி நேரத்தில் ஜீப்பைக் காலி செய்தார்கள். இப்போது ஏற்ற ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. முதல் தடவை ஸ்டெப்னியும் மோட்டாரும் வெளியே நின்றன. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினால் கயிறும் பலகையும் வெளியே நின்றன. மூன்றாம் தடவை பாண்டுரங்கன் காலால் உதைத்துப் பார்த்தான். பின்கதவு கோணிக்கொண்டதுதான் மிச்சம். எல்லாம் மறுபடி கொல்லைக்கே வந்தன.

"மாமா, பாதிய உட்டுட்டுப் போனா இன்னா?"

"எந்தப் பாதிய?"

பாண்டுரங்கன் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கிளாம்பைத் திரும்பக் கீழே வைத்தான். மறுநாள் விஜயதசமிக்கு மண்டகப்பட்டில் வேலை. அரங்கநாதன் என்ற விவசாயி காலையிலேயே போன் போட்டு, அழாத குறையாகப் பேசியிருந்தார். நட்டுப் பத்து நாளான சம்பா, மழை ஏமாற்றுகிறது, மோட்டார் நின்றுவிட்டது, நிலம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. வெற்றி வாக்குக் கொடுத்துவிட்டான். பாறைப் பூமி, இருநூற்று நாற்பது அடி. ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. அங்கே போய்க் கிளாம்பு இல்லை, பலகை இல்லை என்று நின்றால் அன்றைய பொழுது போச்சு. மேலே கேரியர் கட்டி ஏற்றலாம் என்றால், ஒரு தடவை அப்படிப் போய் ஏரிக்கரையில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மயிரிழையில் தப்பினார்கள். அன்றைக்கே சவுரிராயன் கேரியரைக் கழற்றி எறிந்துவிட்டார். பாரமெல்லாம் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

வெற்றி காலி ஜீப்புக்குள் தலையை விட்டான். எரிச்சலில்தான் விட்டான். ஆனால் விட்ட தலையை எடுக்கவில்லை.

தகரத் தரையில் இடது மூலையில் வட்டமாகத் துருக்கோடு இருந்தது. நிமிர்ந்து போய் டீசல் கேனைத் தூக்கி வந்து அதன்மேல் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"துர்கா, இங்க வா."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வலது சுவரில் பெயின்ட் அரைவட்டமாகச் சுரண்டியிருந்தது. ஜாக்கியின் கைப்பிடி என்றாள் அவள். வைத்துப் பார்த்தார்கள், ஜாக்கிதான். அவளுக்குக் கண்கள் பளபளத்தன. சீட்டின் காலில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று கட்டியபடியே இருந்தது. அதை இழுத்தால் எதுவரை வரும் என்று இழுத்துப் பார்த்தாள். இரண்டு பலகைகளும் நிமிர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டால் அதன் கொக்கி சரியாக மாட்டியது. பூஜைப் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. அவளுக்கு அது நினைவே இல்லை.

"கடப்பாரைக்கு எடம் எங்கங்க? அஞ்சடி நீட்டம் கீது."

அதற்கு மட்டும் தரையில் தடமே இல்லை. வெற்றி யோசித்தபடி இரும்புக் கால் ஒன்றைத் தூக்கினான். அதன் வாயில் சாக்குத் துணி அடைத்திருந்தது. காலையில் துடைக்கும்போது ஏதோ அழுக்கு என்று விட்டுவிட்டார்கள். பிடுங்கினான். உள்ளே வெற்றுக் குழாய், ஓரமெல்லாம் சாக்குத் துணி. பாண்டுரங்கன் கடப்பாரையை எடுத்து விட்டதும் சத்தமில்லாமல் முழுசாக உள்ளே போய்விட்டது.

"அடி ஆத்தி!" என்று துர்கா வாய்விட்டுச் சிரித்தாள். "இந்த மனுசன் நம்ம வூட்டு பீரோவ அடுக்கித் தந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் பசி மறந்துவிட்டது. கயிற்றை வட்டமாகச் சுருட்டினால் குன்றாக நிற்கிறது. எட்டுப் போட்ட மாதிரி படுக்கையாகப் பரப்பினால் மெத்தையாகிவிடுகிறது, அதன்மேல் மோட்டாரைப் படுக்க வைத்தால் குலுங்காது. இதைக் கண்டுபிடித்தது பாண்டுரங்கன். மோட்டாரின் அடியில் நைலான் நூல் ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சொன்னான். ஸ்டெப்னியின் நடு ஓட்டையில் செயின் பிளாக் அமர்ந்தது. இரும்புக் கால்கள் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே புகுந்து, பின்கதவுக்கு மேலாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு படுத்தன. கேபிள் சுருளின் வயிற்றுக்குள் தண்ணீர் கேன் போனது. கிளாம்புகள் தனித்தனியாக இடம் அடைத்தன, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்தால் ஒன்றின் இடம்தான். குட்டிச் சாமான் மூட்டையைப் பிரித்து, சீட்டுக்கடியில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளில் மாட்டினார்கள். ஒவ்வொரு சாமானும் உள்ளே போகப் போக வெற்றிக்கு ஆச்சரியமும் சந்தோஷமும் பொங்கின. கூடவே ஒரு குறுகுறுப்பும் இருந்தது. ஒன்பது வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு மூளை வேலை செய்திருக்கிறது, நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே.

நாலு மணிக்குக் கொல்லை காலியானது. சந்தனப் பொட்டு வைத்த எதுவும் வெளியே இல்லை. மூங்கில் துடைப்பமும் தேங்காய் மூடியும்தான் மிச்சம். பாண்டுரங்கன் கை தட்டினான்.

"ஆச்சி மாமா!"

"ஆவல" என்றான் வெற்றி.

ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் மிச்சமிருந்தது. ஒன்றரை அடி அகலம், அதற்கும் கொஞ்சம் கூடுதல் நீளம். அதை எதுவும் நிரப்பவில்லை. நிரப்பாமல் விடவும் முடியவில்லை. வண்டியைப் பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டினால் செயின் பிளாக் குதித்து அதற்குள் விழுந்தது, இரும்புக் கால்கள் அந்தப் பக்கமாகச் சரிந்தன, மோட்டார் உருளப் பார்த்தது. அங்கே ஏதோ ஒன்று இருந்து மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏதோ ஒரு சாமான உட்டுட்டோம்" என்றாள் துர்கா.

"எல்லாந்தான் ஏறிடிச்சே அக்கா."

"இல்ல. பெருசா ஒண்ணு. கனமாவும் இருக்கணும், மெத்துன்னும் இருக்கணும். இல்லாட்டி மோட்டார் நசுங்கும்."

தவிட்டு மூட்டை ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். வண்டியை ஆட்டியதும் அதுவும் சேர்ந்து ஆடியது. வெற்றி குனிந்து பள்ளத்தைப் பார்த்தான். தரையில் அருகருகே இரண்டு இடத்தில் பெயின்ட் தேய்ந்து வெறும் தகரம் பளபளத்தது. அந்தப் பக்கமாக வரும் இரும்புக் காலில் ஒரு சாண் அகலத்துக்கு டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. மேலே வளைந்த கம்பியில் ஓர் இடம் வெண்கலம் போல வழவழப்பாக இருந்தது. எந்தச் சாமான் கம்பியைப் பிடித்துத் தேய்க்கும்?

இன்னும் கிட்டத்தில் பார்க்க ஒரு காலை உள்ளே வைத்தான். பிறகு இன்னொரு காலையும் வைத்தான். இடம் பற்றாமல் மெதுவாகக் குந்தினான்.

உட்கார்ந்துவிட்டான். முதுகு சீட்டில் பொருந்தியது, முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்தது. முழங்கால்கள் முகவாய்வரை வந்தன. குதிகால்கள் இரண்டும் தேய்ந்த இரண்டு இடங்களில் பதிந்தன. வலது பாதம் தானாகச் செயின் பிளாக்கில் முட்டுக்கொடுத்தது, வலது தோள் ரப்பர் சுற்றிய இடத்தில் அமர்ந்தது. சமாளிக்க எதையாவது பிடிக்கலாம் என்று கையைத் தூக்கினான். கை நேராக வழவழத்த கம்பிக்குப் போனது.

"பாண்டு, வண்டிய ஆட்டு."

பாண்டுரங்கன் ஆட்டினான். ஒரு சாமான் அசையவில்லை.

துர்கா கேட்டாள், "சவுரிண்ணன் இங்கயா குந்திக்கினு வந்தாரு? மண்டகப்பட்டு வரைக்குமா?"

மண்டகப்பட்டு மட்டுமா? மயிலம், செஞ்சி, மரக்காணம், எல்லா ஊருக்கும். பின்னால் சாமான்களுக்கு மேலே எங்கேயோ குந்தி வருகிறார் என்றுதான் அவன் இதுவரை நினைத்திருந்தான். வெற்றிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போர் இருக்கும் இடம் வந்ததும் அவர் மட்டும் கடைசியாக இறங்குவார். இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பீடி பற்றவைக்க நிற்கிறார் என்று நினைத்து, "ஜல்திண்ணே" என்று குரல் கொடுப்பான். பக்கத்துச் சீட்டு கூப்பிட வந்த தோட்டக்காரருக்கு. அது தொழில் மரியாதை. தோட்டக்காரர் இல்லாத நாளில் அதில் வெற்றியின் பையும் சாப்பாட்டுக் கேரியரும் வரும். சாப்பாட்டுக் கேரியர் ஒன்பது வருஷம் சீட்டில் வந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"பாண்டு, வண்டிய எடு. அவரு வூட்டுக்குப் போவலாம்."

"நீ இறங்கி முன்னால வா மாமா."

"நான் இங்கயே குந்திக்கினு வர்றேன்."

சவுரிராயன் வீடு ஏரிக்கரை ஓரத்துத் தெருவில், ஐந்து கிலோமீட்டர். முதல் கிலோமீட்டரில் இடது முழங்கால் வலித்தது, இரண்டாவதில் வலது. மூன்றாவதில் வலி போய்க் கால்களே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. கரைமேட்டில் வண்டி ஏறி இறங்கியபோது செயின் பிளாக்கின் முழுப் பாரமும் பாதத்தில் இறங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஜீப் சத்தம் கேட்டுச் சவுரிராயன் வெளியே வந்தார். முழங்காலில் பச்சிலைக் கட்டு. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. ஓட்டுநர் சீட்டில் வேறு யாரோ இருப்பதைப் பார்த்துப் பின்பக்கம் வந்த சவுரிராயன், பள்ளத்துக்குள் கிடந்த வெற்றியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, அங்க போயி குந்திக்கினுகீற?"

"எழுந்துக்க முடியலண்ணே."

"முடியாது. மொதல்ல எடது கைய மேல கம்பியில போடு. பலகைய புடிக்காத, வந்துடும். அப்பால குண்டிய சீட்டோட சேத்து மேல இழு. கால கடைசியா எடு. அவசரப்பட்டா பிடிச்சிக்கும்."

அப்படியே செய்தான். வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்ற பிறகுதான் இது யார் நிற்கும் விதம் என்று புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நீ விருத்தாசலத்துகிட்ட போயிட்டேன்னு நெனச்சேண்ணே."

"அவன் வண்டியில பெரிய பெரிய பொட்டி கீது. ஏத்தறதுக்கு ஒரு ருசியே இல்ல" என்றார் சவுரிராயன். "பாண்டி ஆஸ்பத்திரியில காட்டினேன். இனிமே முட்டிய மடக்கிக் குந்தவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. குந்தலன்னா உன் வண்டியில எனக்கு ஏது எடம்? அதான் வர்லன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? கிளாம்ப எறக்கி வெச்சிருப்பியா, பலகைய எறக்கி வெச்சிருப்பியா? காட்டுல போயி அது இல்லாம நின்னா யாருக்குப் பேஜாரு? எல்லாத்தையும் வெச்சிப் பாத்தேன் தம்பி, ஆறு மாசம் மாத்தி மாத்தி வெச்சேன். ஒரு ஆளு நடுவுல குந்தினாத்தான் மொத்தமும் நிக்குது. அத கண்டுபிடிச்ச அன்னிக்கி எனக்கு எம்மாஞ் சந்தோசம் தெரியுமா?"

மன்னிப்புக் கேட்க வந்த வெற்றி இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. சவுரிராயன் அதற்குள் வண்டியைச் சுற்றிவர ஆரம்பித்திருந்தார். கயிற்றை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார், டியூப் கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

"யாரு ஏத்தினது?"

"நாங்க மூணு பேரும். தடம் பாத்து ஏத்தினோம். துர்காதான் பாதி கண்டுபிடிச்சா."

"ஜாக்கி தலைகீழா கீது. மத்தது சரி." அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நாளைக்கு மண்டகப்பட்டுண்ணே. பாண்டு ஓட்டட்டும், நீ முன்னால குந்து. பள்ளத்துல நான் வர்றேன்."

"பார்ட்டி வந்தா?"

"பார்ட்டி அவரு டூவீலர்ல வரட்டும்."

"நீ ஒரு நாளைக்கு வருவ. அப்பால?"

"அப்பால ஆளு குந்தாம இத நிக்க வெக்கறதுக்கு வழி தேடுவோம். நீ முன்னால குந்திக்கினு ரோசன பண்ணு. கெடைக்கிற வரைக்கும் நாந்தான் குந்துவேன்."

சவுரிராயன் கையை நீட்டி ஜாக்கியை நேராகத் திருப்பி வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து ஜெசிந்தா சொன்னாள்: "போயிட்டு வரட்டும். ஒம்போது நாளா வூட்டுல இருக்கிற சட்டி பானையெல்லாம் எடம் மாத்தி மாத்தி வெச்சிக்கினுகீறாரு. என்னால முடியல."

விஜயதசமி காலையில் புறப்பட்டார்கள். முன்சீட்டில் ஏறியதும் சவுரிராயன் பழக்கத்தில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டார். பாண்டுரங்கன் சொன்ன பிறகுதான் கால்களை நீட்டினார். விழுப்புரம் தாண்டிச் செஞ்சி ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தில் முடங்கிக் கிடந்த வெற்றி, மரங்கள் தன்னை விட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கு வழி மனப்பாடம். ஆனால் எது வருகிறது என்று தெரிந்தால்தானே சொல்ல? அவன் பார்வைக்கு எல்லாமே போனபின்தான் வந்தன.

"சவுரிண்ணே, எந்த எடத்துல திரும்பணும்?" என்று கேட்டான் பாண்டுரங்கன்.

சவுரிராயன் முன்னால் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "தெரியலியேப்பா."

"நாலு தடவ வந்துகீறன்னு மாமா சொன்னாரே!"

"வந்துகீறேன்." அவர் தடுமாறினார். பிறகு கழுத்தைத் திருப்பி, சாமான்களுக்கும் வெற்றியின் தலைக்கும் மேலாகப் பின்னால் பார்த்தார். பார்த்ததும் குரல் துள்ளியது. "தோ! அந்த ரெட்டப் பன. தாண்டி வந்துட்டோம் தம்பி, திருப்பு. எனக்கு எந்த ரோடும் தள்ளிப் போவறப்பதான் அடையாளம். எதுக்க வந்து பாத்ததில்ல, திரும்பி வர்றப்ப எப்பவும் இருட்டிடும்."

வண்டி திரும்பி, ரெட்டைப் பனைக்குப் பக்கத்தில் மண் பாதையில் இறங்கியது. முன்னாலிருந்து சவுரிராயனின் குரல் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் இவ்வளவு சரிவா? அந்த வீட்டுக்கு முன்னால் வேப்பமரம் இருக்குதா? சட்டென்று பாண்டுரங்கனின் கையைப் பிடித்தார்.

"மெதுவா போ. அந்தப் போர்டுல எழுத்து கீது பாரு! மண்டகப்பட்டுன்னு போட்டுகீது. நான் இத்தினி நாளும் அது வெறும் தகரம்னே நெனச்சிக்கினு இருந்தேன். தம்பி, நீ பாத்துகீறியா?"

போர்டு வெற்றியின் பக்கவாட்டில் வந்து, கடந்து, பின்னால் போனது. துருப்பிடித்த முதுகு. ஓர் எழுத்துகூட இல்லை.

"இங்கேர்ந்து பாத்தா வெறும் தகரந்தாண்ணே" என்றான் வெற்றி.